பன்னிரண்டு வாங்குகள்

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு கலைந்ததும், கோயிலிலிருந்து எட்டு நீள மர வாங்குகளும் கிளாக்கர் வீட்டிலிருந்து நான்கும் பலாபத்வல தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகள் தினமும் உட்காரும் கொக்கோச் சாக்குகளைச் சுருட்டி, வேலம்மா டீச்சர் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

“யாரு டீச்சர் வாறது? தொரையா?” வாங்கை இறக்கிய இருளாண்டி மூச்சு வாங்கினார்.

“என்கூடப் படிச்சவ.”

“அதுக்கா இந்த ஆட்டம்! என் மக கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு தூக்கலயே.”

வேலம்மா சிரிக்கவில்லை. மாத்தளைப் பள்ளிக்கூடத்தில் அவளும் கைறுன்னிஸாவும் ஒரே வாங்கு. கணக்கில் வேலம்மாதான் முதல்; கைறுன்னிஸா அவளைப் பார்த்து எழுதியவள். அப்பா நோயில் விழ, வேலம்மா தோட்டத்துக்கே திரும்பினாள். கைறுன்னிஸா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தாள். இப்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன இல்லை என்று மாவட்டம் முழுக்க ஆராய்கிறாளாம். இங்கேயும் வருகிறாள் என்று கடிதம் வந்த நாளிலிருந்து வேலம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜீப் வந்து நின்றது.

“வாங்க மிஸ்.”

“மிஸ்ஸா? அடி போடி! கைறுன்னு கூப்பிடு.”

மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், தோல் பை. ஒவ்வொன்றும் வேலம்மாவின் கண்ணில் குத்தியது.

கைறுன்னிஸா வாங்குகளை எண்ணி எழுதினாள். “பன்னெண்டா? நல்லாத்தான் வச்சிருக்கே. வாங்கு இல்லாத ஸ்கூலுக்கு மொதல்ல குடுக்கணும்னு ரிப்போர்ட்ல எழுதப் போறேன். இந்த ஸ்கூலையும் சேத்திருந்தேன். இனி வெட்டிர்றேன்.”

வேலம்மா தலையாட்டினாள். ‘நல்லாத்தான் வச்சிருக்கே’ என்றது அவளுக்கு இனித்தது.

“புள்ளைங்களா, ஒரு கணக்குச் சொல்றேன். எழுதுங்க பார்ப்போம்.” கைறுன்னிஸா வாங்குகளில் இருந்த பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

நாற்பது பிள்ளைகளும் மளமளவென்று வாங்கிலிருந்து இறங்கித் தரையில் சம்மணமிட்டார்கள். சிலேட்டு மடிக்கு வந்தது. எழுதுவதென்றால் தரைதான், வேறு வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. சின்னவள் சுந்தரம்மா கதவுக்குப் பின்னால் ஓடி, தன் சாக்கை இழுத்து வந்தாள்.

கைறுன்னிஸா பேனாவை மூடிவிட்டு அந்தச் சாக்கைப் பார்த்தாள்.

வேலம்மாவின் முகம் எரிந்தது. “அந்தப் பன்னெண்ட அழி, கைறு. எல்லாம் எரவல். ஒனக்கு முன்னால கொறஞ்சு நிக்கக் கூடாதுன்னு பார்த்தேன். என் வயித்தெரிச்சலுக்கு இதுங்க தரையிலயே கெடந்திருக்கும்.”

“கணக்குல நீதானே கெட்டிக்காரி? இல்லாததெல்லாம் நீயே சொல்லு. நான் பார்த்து எழுதுறேன், அப்ப மாதிரி.”

வேலம்மா கூரை ஓட்டையிலிருந்து தொடங்கினாள்.

ஜீப் போனதும் இருளாண்டி எட்டிப் பார்த்தார். “என்ன டீச்சர், அதுக்குள்ள திருப்பித் தூக்கணுமா?”

“தூக்குங்கண்ணே. இல்லாதத இல்லன்னு சொல்லாட்டி நம்ம கௌரவம் மட்டுந்தான் மிஞ்சும். புள்ளைங்களுக்கு வாங்கு வராது.”