பேச்சுத் திறன் வாரம்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்தப் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகளின் பேச்சுத் திறனை வளர்க்க டேப்லெட் ஒன்று வந்து சேர்ந்தது. அன்றைக்கே தலைமையாசிரியர் தேவநாதன் போட்ட உத்தரவு, ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது.

ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் பேச வேண்டும். டேப்லெட்டில் இருக்கும் ஆப் அதைக் கேட்டு மார்க் போடும். பக்கத்தில் யாராவது தும்மினாலும் மார்க் சரிந்துவிடும். ஆகவே பேச்சுத் திறன் வளர்ந்த அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் மயான அமைதியில் கிடந்தது. உப்பளக் காற்றை மட்டும் அவரால் அதட்ட முடியவில்லை, ஜன்னல்களைச் சாத்திவிட்டார்.

எட்டாம் வகுப்பு மேரிசெல்விக்குப் பேச நிஜமாகவே ஒரு விஷயம் இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து பெண் பிள்ளைகளின் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, சாவி தேவநாதனிடம். அதிகாரிகள் வந்தால் சுத்தமாக இருக்க வேண்டுமாம். அதிகாரி வருஷத்துக்கு ஒருதரம் வருவார். பிள்ளைகளுக்கு அவசரம் தினமும் வரும். ரோட்டைத் தாண்டிக் கருவேலம் புதருக்குப் போய்வர அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு தரம் சொல்லப் போனாள். “உஷ், ரெக்கார்டிங் ஓடுது” என்று தேவநாதன் விரட்டிவிட்டார்.

அவள் முறை வந்தது. தலைப்பு ‘எனக்குப் பிடித்த இடம்’. அறையில் வேறு யாரும் இல்லை. காது கொடுத்துக் கேட்பது இது ஒன்றுதானே என்று டேப்லெட்டிடமே சொல்லிவிட்டாள்.

“எனக்குப் புடிச்ச இடம் எங்க ஸ்கூல் பாத்ரூம். உள்ள போயி அஞ்சு மாசமாவுது. நாங்க புதருக்குதான் போறோம். உப்பு லாரிக்காரங்க ஹாரன் அடிச்சிட்டு சிரிக்கிறாங்க. பூட்டத் தொறந்து வுடுங்க.”

ஆப் தொண்ணூற்றேழு மார்க் போட்டது.

தேவநாதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் பேசியதைக் கேட்க அவருக்கு ஏது நேரம்? பெற்றோர் கூட்டத்துக்கு வந்த கல்வி அதிகாரி முன்னால் அப்படியே ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

உப்பளத்திலிருந்து காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்த தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தேவநாதன் முகம் வெளுத்தது. அதிகாரியோ கண்ணை மூடி, கச்சேரி கேட்பதுபோல் தலையாட்டினார். “தங்குதடையில்லாத பேச்சு. உச்சரிப்பு பிரமாதம்” என்று கைதட்டினார். போன உயிர் திரும்பி வந்த தேவநாதனும் சேர்ந்து தட்டினார்.

மேரிசெல்விக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்குப் போர்த்தச் சால்வையோடு வந்த அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்.

“நல்லா பேசினேன்னு சொல்றீங்க சார். நான் என்னா சார் கேட்டேன்?”

அதிகாரி டேப்லெட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் மார்க் மட்டும்தான் இருந்தது.

பின்வரிசையிலிருந்து அவள் அம்மா சகாயமேரி எழுந்து வந்தாள். தேவநாதன் முன்னால் கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க சார்” என்றாள்.