டூரிஸ்டுக்குக் கட்டின கக்கூஸ்

ஏழு மாத வயிற்றோடு ஏரிக்கரைப் புதர்ப்பக்கம் போனவள், மழைச்சேற்றில் கால் வழுக்கி, ஆள் நடமாட்டமும் கேட்கவே, போன வேலை முடியாமலே திரும்பி வந்தேன். வந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கக்கூஸை பினாயில் ஊற்றிக் கழுவினேன். சிரிக்காதீர்கள். அது எங்களுக்குக் கட்டினதில்லை.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் எங்கள் டீக்கடை. எண்பத்தேழில் ஒருநாள், மகாபலிபுரம் சுற்றிக்காட்டப் போகிற டூரிஸ்ட் பஸ்ஸின் டிரைவர், "பொம்பளைங்க போவ ஒரு எடம் கட்டிவுடு யேசுதாசா, தெனம் இங்கியே நிறுத்தறேன்" என்றார். என் வீட்டுக்காரர் என் கம்மலை விற்று, வெள்ளை டைல்ஸ் போட்டே கட்டிவிட்டார். பொய் சொல்லக் கூடாது, பஸ் இங்கே நிற்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குக் கரண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாகூட வெள்ளரிக்காய் விற்றே ரேடியோ வாங்கிவிட்டாள்.

"நாம போவ ஆரம்பிச்சா நாறிப்பூடும் சாரா. பஸ்ஸு வேற கடைக்குப் பூடும்" என்பார் இவர். அதட்டமாட்டார், கெஞ்சுவார். அதுதான் எனக்கு எரிச்சல். அதட்டினால் சண்டையாவது போடலாம்.

அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து எட்டுப் பெண்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். நான் சாவியோடு கதவண்டை நின்றேன். அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது. முதலில் நின்ற வடக்கத்திக்காரம்மா என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். இந்தியில் என்னவோ சொல்லி, என் முதுகில் கைவைத்து உள்ளே போகச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைப்பக்கம் திரும்பினேன். இவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாக எதிரிலேயே இருந்த வயிறு அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது போலிருந்தது.

"போ சாரா" என்றார்.

தினமும் கழுவுகிற இடம்தான். ஆனால் அந்தக் கதவை உள்ளேயிருந்து நான் தாழ் போட்டதே இல்லை. போட்டேன். அழுகை வந்துவிட்டது.

வெளியே ஹாரன் சத்தம். "இன்னாப்பா, நேரமாவுது" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் இரு அண்ணா. உள்ள என் சம்சாரம் கீது" என்று இவர் சொன்னது கேட்டது. மறுபடி ஹாரன் அடித்தது. நான் காலையில் இறைத்து ரொப்பின தொட்டியிலிருந்து, நிதானமாக ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டேன்.