ஏரிக்கு அடியில் பதினொரு நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தான் என்று தத்துவம் பேச வரவில்லை. இது சுத்தமான பொய். 1998 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ரொறன்ரோவுக்கு வடக்கே உறைந்து கிடந்த சிம்கோ ஏரியின் மேல், மீன்பிடிக்க வாடகைக்கு எடுத்த மரக்குடிலுக்குள் வைத்து, செல்வரட்ணம் அண்ணையிடம் நான் சொன்னது. அதற்கு முன் நான் கதை எழுதியதில்லை. அதற்குப் பிறகு பதினேழு எழுதிவிட்டேன். அவற்றில் ஒன்றைக்கூட, அந்தப் பொய்யை அண்ணை நம்பிய அளவுக்கு யாரும் நம்பவில்லை.

இன்று செவ்வாய், 1999 கார்த்திகை. வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணையின் மகள் மெலிசா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்குகிறாள். வயது பதினொன்று. தாயின் செத்தவீட்டில் நின்றவள். நான் சொன்னது பொய்யென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் வாயைத் திறக்குமுன் இதை எழுதி முடித்து அண்ணையின் கையில் கொடுத்துவிட வேண்டும். நேரே நின்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இருந்திருந்தால் எழுத்தாளனாகியிருக்க மாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கடலிலேயே பிறந்து வளர்ந்த செல்வரட்ணத்துக்கு, உறைந்த ஏரியைக் கண்டதும் —"

விட்டுவிட்டேன். அவர் கடலில் வளரவில்லை. யாழ்ப்பாண நகரத்தில், கொய்யாத்தோட்டம் என்ற இடத்தில் ஒரு தபாற்கந்தோர்க்காரரின் மகனாக வளர்ந்தவர். சந்தையில் வாங்கிய மீனைத் தவிர வேறு மீனைத் தொட்டதில்லை. மீன்பிடிக் கதைக்குள் ஒரு மீனவனைக் கொண்டுவந்தால் வாசகருக்கும் வசதி, எனக்கும் வசதி. அண்ணைக்குத்தான் அது அநியாயம்.

இரண்டாவது:

"பனி பெய்துகொண்டிருந்தது."

கனடாவிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இந்த வரி ஒரு வருத்தம். எனக்கும் தொற்றியிருக்கிறது. அன்றைக்குப் பனி பெய்யவில்லை. கண் கூசுகிற வெயில்.

மூன்றாவது:

"ரிவி வேலை செய்யவில்லை."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ரிவி வேலை செய்யவில்லை. குடிலுக்குள் அதன் முன்னால் அன்புராசா முழந்தாளில் நின்றான். ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில் செல்வரட்ணம் அண்ணையோடு வேலை செய்பவன். மீன்பிடிப் பைத்தியம். அவனுடைய போர்மன் ஒரு கமராவை இரவல் கொடுத்திருந்தார். கைமுட்டி அளவு, நீளமான வயர். பனியில் தோண்டிய துளைக்குள்ளால் தண்ணீருக்குள் இறக்கினால் அடியில் நடப்பதெல்லாம் தெரியுமாம். அதோடு வந்த சின்னத் திரை உடைந்திருந்ததால், வேண்டுமென்றால் ரிவியில் கொழுவிப் பார் என்று கொடுத்திருக்கிறார்.

அன்புராசாவின் ரிவி பழையது. கமரா வயரின் முனையில் இருந்தது மஞ்சள் பிளக். ரிவியின் முதுகில் இருந்தது அன்ரெனா பூட்டுகிற இரண்டு ஆணி மட்டும். அதை முதலே யோசித்து, அண்ணையின் வீட்டில் கசெற் போட்டுப் பார்க்கிற வீடியோ டெக்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். எங்கள் வீடுகளில் எதை ரிவியில் கொழுவுவதென்றாலும் டெக்குக்குள்ளால்தானே கொழுவுவோம். அண்ணை அதைப் படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெளியே ஜெனரேற்றர் இரைந்தது.

நான் ஏன் போனேன்? ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு வீடியோக் கடையில் வேலை செய்தேன். அந்தத் தகுதியில் ஊருக்கெல்லாம் நான் இஞ்சினியர்.

"தம்பி, உனக்குத்தானே உந்த வயர் விளையாட்டுத் தெரியும். வந்து பார்," என்றான் அன்புராசா.

"மஞ்சளை டெக்கின்ர 'வீடியோ இன்' ஓட்டையில குத்துங்கோ. ரிவியை மூண்டாம் சனலில விடுங்கோ."

"விட்டாச்சு. புள்ளிதான் ஓடுது."

"டெக்கை லைனுக்கு மாத்தேல்லையே?"

மாற்றினான். திரை பச்சையாகியது. மெல்ல மெல்லக் கல்லுகள் தெரிந்தன, ஒரு பாசிக்கொத்து, தூண்டிலில் மாட்டிய குட்டி மீன். செல்வரட்ணம் அண்ணை வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து பார்த்தார்.

"இதென்னடாப்பா, நாங்கள் மேல இருக்கிறம், எங்கட காலுக்குக் கீழ உதெல்லாம் நடக்குது," என்று சிரித்தார். மனைவி பேர்ணடெற் முந்தின ஆவணியில் ஊரில் காய்ச்சலில் செத்ததற்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் இரை மீனும் கோப்பியும் வாங்கக் கரைக்குப் போனார்கள். நான் தனியே இருந்தேன். அப்போது ஒரு பெரிய மீன் வந்தது. அன்புராசா —

4

இல்லை. இங்கேதான் இரண்டு தரம் கள்ளம் செய்தேன். முதல் இரண்டு வரைவுகளிலும் அன்புராசா போகாமல் குடிலுக்குள்ளேயே நிற்கிறான். டெக்கில் பதிகிற சிவப்புப் பொத்தானை அவன்தான் அழுத்துகிறான். அவனுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. சத்தக்காரன், அவசரக்காரன், எதையும் தட்டிப்பார்க்கிறவன். ஒரு வாசகரும் சந்தேகப்பட மாட்டார். பாவம், அவன் இன்றைக்கும் மாதம் ஒருமுறை எனக்கு மீன் கொண்டுவந்து தருகிறவன்.

அழுத்தியது நான்.

மீன் அவ்வளவு பெரிது. இரையைப் பார்த்தது, போனது, திரும்ப வந்து பார்த்தது. இதைப் பதிந்து மற்றவர்களுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். ஜக்கெற் பொக்கற்றில் வெறும் கசெற் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அது டெக்குக்குள் போகவில்லை. உள்ளே ஏற்கெனவே ஒன்று கிடந்தது. அன்புராசா வெறும் கசெற் போட்டுவைத்திருக்கிறான் என்று நானே முடிவெடுத்தேன். வெளியே எடுத்துப் பார்க்கவில்லை.*

* கசெற்றின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. செத்தவீட்டுக் கசெற் என்றால் உடைத்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். உள்ளே கிடந்த கசெற்றின் பல் உடைக்கப்படவில்லை. அதைத் தயாரித்துக் கொடுத்தவனும் நான்தான். அன்றைக்குக் கடையில் தீபாவளிச் சனம்.

5

அண்ணை கையில் கோப்பியோடு குனிந்து உள்ளே வந்தார்.

"தம்பி, உதில என்ன சிவப்பு லைற்?"

"பதியிறன் அண்ணை. பெரிய மீன் ஒண்டு வந்தது, நீங்கள் பாக்கேல்லை."

"எந்தக் கசெற்றில?"

நான் பதில் சொல்லுமுன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து நிறுத்தினார். பின்னால் ஓடவிட்டு, போட்டார்.

கொய்யாத்தோட்டத்துக் கோயில் வளவு. இரண்டு வாங்குப் பலகையில் வைத்த சவப்பெட்டி. பாடிக்கொண்டு நிற்கிற சனம். வெள்ளைச் சட்டையோடு ஒன்பது வயது மெலிசா. கமரா பெட்டியின் கால்மாட்டிலிருந்து மெதுவாக மேலே வந்தது. பூக்கள். பிறகு செபமாலை சுற்றிய இரண்டு கைகள். பிறகு பச்சை. கல்லுகள், பாசி, என்னுடைய மீன். பதினொரு நிமிடம் ஏரியின் அடிதான் ஓடியது. அது முடிந்ததும் சேமக்காலையில் சனம் குழிக்குள் மண் போட்டுக்கொண்டிருந்தது.

அகதி வழக்கு முடியாததால் அவரால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அவரிடம் இருந்தது இந்தக் கசெற்தான். மூலக் கசெற் பாரிசில் பேர்ணடெற்றின் தங்கையிடம் போயிருந்தது. அங்கே பிளேயர் நாடாவைச் சாப்பிட்டுவிட்டது என்பது பிறகு தெரியவந்தது.

அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கவிழ்த்த வாளியின் மேல் போய் இருந்தார்.

"நான் இதுக்கு மேல ஒருநாளும் பாக்கேல்லைத் தம்பி," என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் பூசையால வந்து போடுவன். கை வரேக்க நிப்பாட்டிப்போடுவன். முகம் பாக்கப் பயம். பேந்து பாப்பம், பேந்து பாப்பம் எண்டு விட்டிட்டன்."

பின்னால் வந்து நின்ற அன்புராசா தொப்பியைக் கழற்றினான். ஜெனரேற்றரைப் போய் நிறுத்தினான்.

"நீ கடையில மாத்தேக்க பாத்தனிதானே?" என்று அண்ணை என்னைக் கேட்டார்.

6

[இந்தப் பகுதியை ஐந்து தரம் எழுதினேன். ஐந்திலும் என்னை நல்லவனாக்கப் பார்த்திருக்கிறேன். இது ஆறாவது.]

அங்கே எடுத்த கசெற் இங்குள்ள டெக்கில் ஓடாது. இரண்டு மெசினைக் கொழுவி மாற்றிப் பதிய வேண்டும். ஒரு மணித்தியாலக் கசெற்றுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அது ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், நான் முன்னால் புதுப்படக் கசெற்றுகளைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அப்படி நாற்பது செத்தவீடாவது என் தோளுக்குப் பின்னால் நடந்திருக்கும். பேர்ணடெற்றின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஓம் அண்ணை, பாத்தனான்," என்றேன்.

"முகம் எப்பிடி?"

"நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருந்தது."

எல்லாரும் சொல்லுகிற வசனம். அவருக்கு அது போதவில்லை. "நல்ல வெயில்போல கிடக்கு. முகத்தில வெயில் பட்டதே?" என்று கேட்டார்.

"இல்லையண்ணை. ஆரோ குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

அந்தக் குடை வேறு யாருடையதோ செத்தவீட்டிலிருந்து வந்தது. நாற்பதில் ஒன்றில் அப்படிக் கண்ட ஞாபகம்.

"ஆர் பிடிச்சது?"

"வயசான ஒரு ஐயா. மூடும்வரைக்கும் பிடிச்சவர். கைகூட மாத்தேல்லை."

அண்ணையின் முகம் உடைந்தது. "அது அவளின்ர அல்பேட் சின்னையாவாத்தான் இருக்கும். அவளுக்கு வெயில் பட்டாத் தலையிடிக்கும். அது அவருக்குத் தெரியும்," என்றார். பிறகு அழுதார். ஆறு மாதமாக அழாத மனிதன். அழுதுகொண்டே, "குடை பிடிச்சவையோ, குடை பிடிச்சவையோ," என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு தரமும் ஓம் என்றேன்.

7

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் அல்பேட் சின்னையாவுக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டுவிட்டார். அந்த ஆனியில் பதில் வந்தது. கடைக்குக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். சின்னையாவுக்குக் கண்ணில் புரை. அவர் சொல்லச் சொல்ல மெலிசா எழுதிய கடிதம் அது.

"மகன், பேர்ணடெற்றுக்குக் குடை பிடித்தது என் கடமை. அதற்குப்போய் நன்றி சொல்லுகிறீர்களே."

கடிதத்தை வாங்கி அந்த வரியை நானே திரும்ப வாசித்தேன். அன்றிலிருந்து மூன்று விளக்கங்களோடு சீவிக்கிறேன். உண்மையிலேயே ஒரு குடை இருந்தது, என் பொய் போய் அதில் முட்டிக்கொண்டது. அல்லது அந்தக் கிழவரும் என்னைப்போல இரக்கப்பட்டு ஒரு பொய் சொன்னார். அல்லது அவர் குடையே இல்லை என்றுதான் சொன்னார், எழுதியவள் தகப்பனுக்காக மாற்றி எழுதினாள். சின்னையா இந்த வைகாசியில் காலமாகிவிட்டார். இனி மெலிசாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அண்ணை இப்போது அந்தக் கசெற்றை நிறுத்தாமல் கடைசிவரை பார்க்கிறார். கைகள் வரும், ஏரி வரும், மீன் வரும். அந்தப் பதினொரு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்னதைப் பார்ப்பாராம். பிறகு கண்ணைத் திறந்து மண் போடுவதைப் பார்ப்பாராம்.

புதனும் வியாழனும் முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான் உண்மையைச் சொல்ல அவர் என்னை மன்னிக்கிறார். அவர் மன்னிக்கிற வசனத்தை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன் என்று பார்த்ததும் வெட்கம் வந்து கிழித்தேன். இன்னொன்றில் மெலிசா, "குடையே இல்லையே அப்பா," என்கிறாள், அவர் —

அதற்கு மேல் ஓடவில்லை. அவருடைய கண்ணுக்குள் இருக்கிற முகத்தைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? அதே நேரம், அது பேர்ணடெற்றின் முகமும் இல்லையே.

8

வெள்ளிக்கிழமை. கதையைக் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டே அவரோடு விமான நிலையம் போனேன். மோர்னிங்சைட்டிலிருந்து போகிற வழியெல்லாம் அவர் ஒரு சிவப்புக் குளிர் ஜக்கெற்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தார். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவர். அளவு தெரியாமல் பெரிதாக வாங்கியிருந்தார்.

விமானக் கம்பனிப் பெண் ஒருத்தி மெலிசாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கழுத்தில் பெயர் மட்டை. அண்ணை அந்த மட்டையை வாசித்துவிட்டுத்தான் பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். அவள் அழவில்லை. தகப்பனின் முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையைப் பார்த்ததும், கடிதத்தில் அந்த வரியை எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். [தெரியாது. இதுவும் எழுத்தாளனின் ஆசைதான்.]

"பிள்ளை, இவர்தான் அம்மான்ர வீடியோவை முழுக்கப் பாத்த மாமா," என்றார் அண்ணை. "குடை பிடிச்சதைக் கண்டு சொன்னவர்."

மெலிசா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. பிறகு கேட்டாள்:

"என்ன நிறக் குடை, மாமா?"

இந்த இரண்டு வருடத்தில் அண்ணை அதைக் கேட்டதேயில்லை. இப்போது அவரும் என் பக்கம் திரும்பினார்.

குடை இருந்திருந்தால் அவள் என்னைச் சோதிக்கிறாள். இல்லாதிருந்தால், நாங்கள் இரண்டு பேரும் இனி ஒரே நிறத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்கிறாள். எது என்று அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் சொன்னேன்:

"[                    ]"

இதை நான் நிரப்பப் போவதில்லை. பதினேழு கதைகளிலும் எல்லாவற்றையும் நானே நிரப்பியவன், இதில் மட்டும் என்னால் முடியவில்லை. நீங்கள் ஒரு நிறத்தைப் போடுங்கள், அல்லது உண்மையைப் போடுங்கள். ஆனால் போடுமுன் செல்வரட்ணம் அண்ணையை ஒருமுறை பாருங்கள். விரல் நுனியையும் தாண்டி நீண்டு தொங்கிய அந்த ஜக்கெற்றின் கைகளை மகளுக்கு மடித்துவிட்டுக்கொண்டே, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்.