மாரிசெல்வி கேட்டுத் தேர்ந்த பெட்டி

பாட்டுக் கேட்பதற்கு முன் மோகன்ராஜ் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். கண் வேலை செய்தால் காதுக்குப் போகவேண்டிய ரத்தம் குறைந்துபோகும் என்பது அவர் கட்சி. பிறகு மின்விசிறி நிற்கும், செல்போன் அணையும், எதிரே நிற்பவர்கள் மூச்சை மெதுவாக விடும்படி கேட்டுக்கொள்ளப்படுவார்கள். அதற்கப்புறம்தான் ஹெட்ஃபோன் தலையேறும். மூன்று நிமிடம் கழித்து, குழந்தைக்கு ஜாதகம் பார்த்துச் சொல்கிற முகத்தோடு, "மிட் கொஞ்சம் ஈரமா இருக்கு. பேஸ் இன்னும் பழுக்கல" என்பார். எதிரே நிற்பவர்கள் சம்பளக்காரர்கள். ஆமாம் சார் என்பார்கள்.

ஒரகடத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி செய்துகொண்டிருந்த 'அமேயா ஒன்' உள்ளங்கையில் அடங்குகிற பாட்டுப்பெட்டி. விலை நாற்பத்தெட்டாயிரம். பக்கத்தில் கார் கம்பெனி வேலைக்குப் போகிற பையன்கள் இரண்டாயிரம் ரூபாய் செல்போனில் ஊருக்கே கேட்கும்படி பாட்டு வைத்துக்கொண்டு நடந்த 2012-ல், இதை எவன் வாங்குவான் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். வாங்கினார்கள். வாங்கிவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. கேட்ட அனுபவத்தை இன்டர்நெட்டில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பாட்டு எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. பாட்டுக்குப் பின்னால் இருக்கிற நிசப்தம் எவ்வளவு கறுப்பு என்று எழுதினார்கள். அவர்களில் பெரிய கை மோகன்ராஜ். கம்பெனியில் குவாலிட்டிக்குத் தலைவரும் அவரே.

முடிந்த பெட்டிகளை எல்லாம் மூன்று நாள் நாற்பத்தைந்து டிகிரி சூட்டில், இரைச்சல் ஒலியை விடாமல் ஓட்டிப் போட்டுவைக்கிற அறை ஒன்று உண்டு. நோஞ்சான் பாகம் எதுவானாலும் இங்கேயே செத்துப்போகட்டும், கடையில் போய்ச் சாக வேண்டாம் என்பதுதான் அதன் நியாயம். தொழிலாளிகளுக்கு அது சூட்டு ரூம். மோகன்ராஜுக்கு அது கருவறை. அவர் கணக்கில் மூன்று நாள் போதாது; இருநூறு மணி நேரம் ஓடினால்தான் பெட்டியின் ஒலி 'திறக்கும்'. அதற்குப் பர்ன்-இன் என்று பெயர். திறந்ததையும் திறக்காததையும் கருவி எதுவும் பிரித்துச் சொல்லாது, காதுதான் சொல்லும். எந்தக் காது என்று கேட்டால் அவர் தன்னடக்கமாகச் சிரிப்பார்.

சூட்டு ரூமிலிருந்து பெட்டிகள் நேரே மாரிசெல்வியிடம் வரும்.

மாரிசெல்விக்குச் சங்கரன்கோவில் பக்கம். வயது இருபத்திரண்டு. வடக்குப்பட்டில் ஓர் அறையில் ஐந்து பெண்களோடு குடியிருந்தாள். அவளுடைய டிப்ளமோவும் மார்க் ஷீட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டரின் பீரோவில் குடியிருந்தன. இரண்டு வருடம் முடித்தால் திருப்பித் தருவான். பதினாறு மாதம் முடிந்திருந்தது.

நான்கு சுவரிலும் பஞ்சு ஒட்டிய, மேஜை ஒன்றும் நாற்காலி ஒன்றும் மட்டும் கொள்ளுகிற கூண்டு அவள் இடம். பெட்டியைச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டி, பொத்தானை அமுக்க வேண்டும். அடிவயிற்றுக் குமுறலில் தொடங்கி ஊசிக் கீச்சு வரைக்கும் ஒரு சத்தம் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறும். நடுவில் எங்காவது கரகரப்புக் கேட்டால் சிவப்புத் தட்டு, இல்லையென்றால் பச்சைத் தட்டு. கரகரப்பு உரத்த சத்தத்தில்தான் வெளிப்படும் என்பதால் சத்தத்தைக் குறைக்கிற வேலை கிடையாது. ஒரு ஷிஃப்டுக்கு முந்நூற்றிருபது பெட்டி. மற்ற பெண்கள் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தார்கள். இவள் உட்கார்ந்து 'பாட்டுக் கேட்டாள்'. அதில் அவர்களுக்குப் பொறாமையும் உண்டு.

சித்திரையில் ஒருநாள் அண்ணன் கொம்பையா ஊரிலிருந்து பேசினான். வலது கையில் வாளி இருந்ததால் போனை இடது காதுக்கு மாற்றினாள். லைன் செத்துவிட்டது. "அலோ, அலோ" என்று கத்தினாள். வாளியை வைத்துவிட்டுப் போனை வலது காதுக்குக் கொண்டுவந்தால், அண்ணன் உள்ளேயிருந்து திட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்குட்டி இந்தக் கத்து கத்துத? நான் இங்கன பேசிக்கிட்டுதான இருக்கேன்!"

அவள் போனை இடது காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு வலது காதில். மறுபடி இடது காதில். பெட்டியைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தாள். தட்டு மட்டும்தான் இல்லை.

வாலாஜாபாத்தில் காது டாக்டர் ஒருவர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். இடது காது போனது போனதுதான், வராது. வலது காதும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. சத்தத்தை விட்டு இப்போதே விலகினால் அது மிஞ்சும். இல்லையென்றால் அதுவும் போகும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கூண்டைவிட்டு வெளியே வர வேண்டும். மீதி எட்டு மாதம் பேக்கிங்கில் நின்று காலம் தள்ளினால் சர்டிஃபிகேட்டும் கிடைக்கும், ஒரு காதும் மிஞ்சும்.

சூப்பர்வைசர் கண்ணப்பன் வாலாஜாபாத்துக்காரன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னாமா நீ? ஏசில ஒக்காந்துகினு பாட்டு கேக்குற வேலை. அத வுட்டுட்டு பேக்கிங் போறேன்ற. கால் வீங்கிப் பூடும், தெர்தா?"

"செவி கேக்க மாட்டேங்குண்ணே. உள்ள வண்டு எரையுத மாதிரியே கெடக்கு."

"செவியா!" அவனுக்கு அந்தச் சொல்லே வேடிக்கையாக இருந்தது. "காதுன்னு சொல்லு. எனக்கு பவர் கெடயாதும்மா. சாராண்ட போய் சொல்லு. அவுரு காதுக்குன்னே பொறந்தவரு."

காதுக்கென்றே பிறந்தவர் டாக்டர் சீட்டை வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர்ஸ் வந்து பேசிக்கலா ஹியரிங் டெஸ்ட் பண்ணுவாங்க. லிசனிங் வேற மாரிசெல்வி. உள்ள ஒரு இரைச்சல் கேக்குதுன்னு சொன்னே இல்ல? சூட்டு ரூம்ல பெட்டிக்கு நாம என்ன போடறோம்?"

"இரைச்சல் சார்."

"அதேதான்! உன் காதுக்குப் பர்ன்-இன் நடக்குது. எனக்கும் 2006-ல நடந்தது. பயந்துட்டேன். அப்புறம் ஒருநாள் திறந்துது பாரு..." அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் திறந்தது எது என்பது மட்டும் தெரியவில்லை. "நடுவுல நிறுத்தினா கெட்டுப்போயிடும். இப்போ போய்ப் பேக்கிங் போறேன்றியே."

"இடது பக்கம் சுத்தமா கேக்கல சார்."

"அதான் கறுப்புப் பின்னணி" என்றார் மோகன்ராஜ், கொஞ்சம் பொறாமையோடு.

அறைக்கு வந்து சுகப்பிரியாவிடம் சொன்னாள். சுகப்பிரியா தூத்துக்குடிக்காரி, பேக்கிங்கில் இருந்தாள். ஒரு நிமிடம் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அந்தாளுகிட்டப் போயி கேக்கலன்னு சொன்னா நம்புவானா? எல்லாரு முன்னாடியும் தப்பு பண்ணு. அசிங்கமா தப்பு பண்ணு. அவனே பிடிச்சு வெளியத் தள்ளுவான்."

"வீட்டுக்கு அனுப்பிட்டான்னா? சர்டிபிகேட்?"

"லைன்ல தப்பு பண்ணாத்தான் வீட்டுக்கு அனுப்புவான். விருந்தாளி முன்னாடி தப்பு பண்ணா மானம் போகும். உன்னய ஒளிச்சுதான் வைப்பான். பேக்கிங்கவிட ஒளிச்சு வைக்க எடம் ஏது?"

விருந்தாளிகள் வைகாசியில் வந்தார்கள். பெட்டியை மொத்தமாக வாங்குகிறவர் ஒருவர், பெங்களூரிலிருந்து இன்டர்நெட்டில் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். மோகன்ராஜ் ஒரு பரீட்சை வைத்தார். மேஜையில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்று சூட்டு ரூமில் இருநூறு மணி நேரம் பழுத்தது, மற்றது அந்தப் பக்கமே போகாத பச்சைக்காய். எது எது என்று உறை போட்ட சீட்டில் எழுதியிருக்கிறது. கேட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் எழுத்தாளர் கேட்டுவிட்டு, இடது கைப் பெட்டியில் மேடை அகலமாக இருப்பதாகவும் அதுவே பழுத்தது என்றும் சொன்னார். இரண்டாமவர், வலது கைப் பெட்டியில் பாடகியின் உதட்டு ஈரம் தெரிவதாகவும் அதுவே பழுத்தது என்றும் சொன்னார். மொத்த வியாபாரி வியாபாரி ஆனதால், இரண்டும் தத்தம் உண்மையைப் பேசுகின்றன என்றார். மோகன்ராஜ் புன்னகையோடு, "எங்க லைன்ல வேலை செய்யற பொண்ணு ஒண்ணு கேக்கட்டும்" என்றார்.

மாரிசெல்வி ஹெட்ஃபோனை மாட்டினாள். ஒரு பக்கத்தில் பாட்டு, ஒரு பக்கத்தில் வண்டு. இரண்டு பெட்டியிலும் அதே பாட்டு, அதே வண்டு. ஆனால் அவளுக்குக் காது தேவைப்படவில்லை. இடது கைப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, வலது கைப் பெட்டி சில்லென்று. சூட்டு ரூமிலிருந்து எடுத்ததை நான்கு மணி நேரம் ஆறவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. டார்கெட் கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது யார் ஆறவைத்தார்கள்? பதினேழு மாதமாக அவள் கைக்கு வந்த பெட்டி ஒவ்வொன்றும் சூடாகத்தான் வந்தது. சூடாக இருப்பது பழுத்தது. அதில் சந்தேகமே இல்லை.

அவள் சில்லென்று இருந்ததைத் தொட்டு, "இதான் சார் பழுத்தது" என்றாள். பேக்கிங் கண்ணுக்குத் தெரிந்தது.

உறையைப் பிரித்தார்கள். அதுவேதான்.

விருந்தாளி வருகிற நாளில் மட்டும் கம்பெனியில் சுவரில் ஒட்டியிருப்பதை எல்லாம் செய்வார்கள். சூட்டு ரூம் சின்னப்பையன் அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, பழுத்த பெட்டியை நான்கு மணி நேரம் ஏசியில் ஆறவைத்திருந்தான். பச்சைக்காயை வைகாசி வெயில் காய்கிற தகரக் கொட்டகை ஸ்டோரிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்திருந்தான்.

எல்லாரும் கை தட்டினார்கள். தவறாகச் சொன்ன எழுத்தாளர் எல்லாரையும்விட உரக்கத் தட்டினார். மோகன்ராஜின் கண்கள் கலங்கியிருந்தன; ஆறு வருடமாக இன்டர்நெட்டில் அவரைக் கிண்டல் செய்த அத்தனை பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

அவள் அவரைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள். "சார், நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். சூடா இருந்ததுதான் பழுத்ததுன்னு நெனச்சு மத்ததக் காட்டினேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலதான் கேட்டுது சார்."

மோகன்ராஜ் நெகிழ்ந்துபோனார். "பெரிய காது உள்ளவங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

அடுத்த வாரம் கேண்டீன் சுவரில் அவள் படம் ஏறியது. அடியில் 'தங்கச் செவி' என்று எழுதியிருந்தது. செவி என்கிற சொல்லைக் கண்ணப்பன்தான் எடுத்துக் கொடுத்தானாம். பெட்டிகளில் 'மாரிசெல்வி கேட்டுத் தேர்ந்தது' என்று தங்க நிறச் சீட்டு ஒட்டி, விலையில் ஆறாயிரம் கூட்டினார்கள். மாரிசெல்வி கேட்ட பெட்டியில் தனியான ஒரு கனிவு இருப்பதாகப் பெங்களூர்க்காரர் எழுதினார். சீட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி. அவள் பெயரில் போகிற பெட்டியை இன்னொருத்தி கேட்டால் மோசடி ஆகிவிடும், கம்பெனிக்கு அதில் நாணயம் முக்கியம். அதனால் அத்தனையையும் அவளே கேட்க வேண்டியதாயிற்று. எட்டு மணி நேரம் பன்னிரண்டானது. வருடாந்தரக் காதுப் பரிசோதனைக்கு அவளை மட்டும் அனுப்பவில்லை. அவள் காதைப் பரிசோதிக்க எந்தக் கருவிக்குத் தகுதி இருக்கிறது என்று கேட்டார் மோகன்ராஜ்.

அவள் காண்ட்ராக்டரிடம் போனாள். அவன் படத்தைப் பார்த்திருந்தான். "உன்னால எனக்கு இருபது ஆளு கூடுதலா ஆர்டர் வந்திருக்கு. இப்பப் போய் சர்டிபிகேட் கேக்குறியே, நியாயமா?" என்றான். ஹெட்ஃபோனுக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தாள். கண்ணப்பன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்துவிட்டான். ஆடி போயிற்று. ஆவணியில், அறையில் மற்ற பெண்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஆனது. சுகப்பிரியா பேசும்போது மாரிசெல்வி அவள் உதட்டைப் பார்த்து எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினாள். சுகப்பிரியா அதற்குப் பிறகு தான் கொடுத்த யோசனையைப் பற்றிப் பேசவே இல்லை.

புரட்டாசியில் ஒரு காலை ஷிஃப்ட். முதல் பெட்டியைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் ஏறவில்லை. சிவப்புத் தட்டு. அடுத்ததும் அப்படியே. பதினோராவது பெட்டியைச் சிவப்பில் வைத்தபோதுதான், கோளாறு பெட்டியில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கை மட்டும் பழக்கத்தில் பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தது.

கூண்டுக் கதவு திறந்தது. கண்ணப்பனின் வாய் அசைந்தது. பின்னால் டெக்னீஷியன்கள் சிவப்புத் தட்டை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கருவியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். பதினொன்றும் பழுதில்லாத பெட்டிகள். லைன் நின்றுவிட்டிருந்தது. நிற்பதை அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மோகன்ராஜ் வந்தார். எல்லாரையும் கையால் அமர்த்தினார். கண்ணாடியைக் கழற்றினார். சிவப்புத் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, அவள் ஹெட்ஃபோனையே மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மூன்று நிமிடம் போனது. அவர் முகம் மெல்லச் சுருங்கியது. பிறகு தலை ஆடத் தொடங்கியது, பிடிபட்டுவிட்டது என்பதுபோல. கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தி ஏதோ சொன்னார். கண்ணப்பன் அதை அப்படியே நோட்டில் எழுதுவதைப் பார்த்தாள். எழுத்துத் தலைகீழாகத் தெரிந்தாலும் வாசிக்க முடிந்தது. இந்த லாட் முழுவதும் மறுபடி சூட்டு ரூமில், இருநூறு மணி நேரம். அதற்கப்புறம் மாரிசெல்வி மறுபடி கேட்க வேண்டும்.

"எனக்குக் கேக்கல சார்" என்றாள் அவள். எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. டெக்னீஷியன்கள் திடுக்கிட்டுத் திரும்பியதைப் பார்த்தால் கத்தியிருக்க வேண்டும். மோகன்ராஜ் திரும்பவில்லை. அவர் காதில் ஹெட்ஃபோன் இருந்தது.