பதினொரு முகங்களும் ஒரு பாட்டில் எண்ணெயும்

கள்ளக்குறிச்சியில் இசைவாணியின் கைபடாத பேனர் அபூர்வம். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, தாய்மாமன் முதல் ஒன்றுவிட்ட பங்காளி வரை எல்லோர் முகத்தையும் ஒரே பேனரில் அடைத்துவிடுவாள். ஒரு முகம் விட்டுப்போனால் உறவே போச்சு. ஒரு முகம் சின்னதாகிவிட்டால் அந்த ஆள் பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்.

பேனர் அடிக்கும் கடையை விட்டு வந்து, இணையதளம் செய்கிறேன் என்று தனியாக உட்கார்ந்தவளுக்கு முதலில் கிடைத்தது கச்சிராயபாளையம் உழவர் குழுவின் வேலை. கல்வராயன் மலையடிவாரத்தில் கடலை போடுகிறவர்கள் சேர்ந்து மரச்செக்கு வைத்திருந்தார்கள். எண்ணெய் தெருவே மணக்கும், வாங்கத்தான் ஆளில்லை. தளத்தால் எண்ணெய் விற்றால் அடுத்த வேலை தானாக வரும். விற்காவிட்டால் பழைய கடை வாசலில் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

அதனால் அவள் கற்றதையெல்லாம் மறந்துவிட்டுச் செய்தாள். வெள்ளைப் பின்னணி, நடுவில் வெயில் பட்டு மின்னும் ஒரு எண்ணெய் பாட்டில். மேலே பெரிய எழுத்தில் பெயர், கீழே விலை, அதற்கும் கீழே பச்சையாக ஒரே ஒரு பொத்தான். கண் வந்து உட்கார இடம் வேண்டுமே!

குழுத் தலைவர் சின்னராசு கைப்பேசியை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“மீதி எங்கம்மா?”

“அவ்ளோதாங்க தலைவரே.”

“இன்னாம்மா இது, வெள்ளையடிச்ச செவுரு மாதிரி கெடக்குது? இயக்குநருங்க பதினோரு பேரு இருக்கறோம். எங்க மூஞ்சி எங்க?”

இந்தக் கேள்விக்கு இசைவாணி பதிலைத் தயாராக வைத்திருந்தாள். “மரவள்ளிய நெருக்கி நட்டா கெழங்கு வைக்குமாங்க? எடம் வுட்டாத்தான வைக்கும்? இதுவும் அப்டித்தாங்க.”

“எடம் வுடுவோம். வுட்ட எடத்துல வெங்காயத்த ஊடுபயிரா போட்டு அதையும் எடுப்போமே! சும்மா வுடுவமா?”

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சின்னராசுவும் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“நான் ஒத்துக்கினாலும் மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. மூஞ்சி இல்லன்னா இயக்குநரு தனசேகரன் செக்குப் பக்கமே வர மாட்டான். வெள்ளிக்கிழமை கூட்டத்துல காட்டு. வேணான்னுட்டாங்கன்னா பேனரு மாதிரியே செஞ்சு குடுத்துடு.”

இசைவாணி பேனர் மாதிரியும் ஒன்று செய்தாள், மனசாட்சிக்குக் குறை வைக்காமல். பதினொரு முகம், சுற்றிலும் ரோஜா, ஓடுகிற எழுத்து, மின்னுகிற விளக்கு. எண்ணெய்க்கு தனசேகரனின் தாடைக்குக் கீழேதான் இடம் மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை செக்குக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். அவள் முதலில் அந்தப் பேனர் பக்கத்தைத்தான் எல்லோர் கைப்பேசிக்கும் அனுப்பினாள்.

“சும்மா ஒரு போட்டிங்க. இதுல ஒரு லிட்டர் எண்ணெய யாரு மொதல்ல வாங்குறீங்கன்னு பாக்கலாம்.”

தனசேகரன் தன் முகத்தைக் கண்டுபிடித்து இரண்டு விரலால் பெரிதாக்கினார். “இவன் மூஞ்சி மட்டும் ஏன் ஜாஸ்தியா தெரியுது?” என்று சடையன் கிளப்பினார். யார் மீசைக்கு மை போட்டது என்று ஒரு சர்ச்சை நடந்தது. டீ வந்து, குடித்து, டம்ளரும் காய்ந்துபோனது. கடைசியில் செவ்வந்திதான் நிமிர்ந்தாள்.

“எல்லாம் சரி, எண்ணெ எங்க இருக்குது?”

ஒருவருக்கும் தெரியவில்லை. இசைவாணி அந்த வெள்ளைப் பக்கத்தை அனுப்பினாள். அனுப்பிய சூட்டில் ஆர்டர்கள் விழுந்து அவள் மடிக்கணினி டிங் டிங்கென்று அடித்தது. சடையன் உற்சாகத்தில் இரண்டு தடவை வாங்கியிருந்தார்.

தனசேகரன் மட்டும் தன் முகத்தைத் தேடி மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

இயக்குநர்களில் ஒருத்தியும் சின்னராசுவின் மனைவியுமான பெரியநாயகி புருஷன் பக்கம் திரும்பினாள். “ஒங்க மூஞ்சிய நான் வூட்ல தெனமும் பாத்துக்கினுதான் இருக்கறேன். அது என் தலையெழுத்து. எண்ணெ வாங்குறவன் இன்னா பாவம் பண்ணான்?”

சிரிப்பில் கொட்டகைக் கூரை அதிர்ந்தது. முகங்கள் உள்ளே வேறொரு பக்கத்தில், எல்லாம் ஒரே அளவில் இருக்கும் என்று இசைவாணி சொன்னதும் தனசேகரனும் தலையாட்டிவிட்டார்.

தளம் திறந்த மறுநாளே சின்னராசுவிடமிருந்து அழைப்பு. “ஓசூர்லேர்ந்து பத்து லிட்டரும்மா! யாருன்னே தெரியாதவன். எங்க மூஞ்சியப் பாக்காமயே வாங்கிக்கினான்!” இசைவாணி வீட்டுக்குள்ளேயே குதித்தாள்.

அடுத்த வாரம் குழு அவளை விருந்துக்குக் கூப்பிட்டது. பேருந்திலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே மலையை மறைத்துக்கொண்டு ஒரு பேனர். சுற்றிலும் பதினொரு முகம், நடுவில் அத்தனையையும்விடப் பெரிதாக அவள் முகம். யார் கல்யாணத்திலோ எடுத்த அவள் படத்தை அகலவாக்கில் இழுத்து, கன்னத்தைப் பூசணிக்காய் ஆக்கியிருந்தார்கள். ஐந்து நிறத்தில் எழுத்து. விரல் வைக்க இடமில்லை. அவள் புதுத் தொழிலில் எதெல்லாம் தப்போ அதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஊர்ப்பட்ட முகங்களை ஒட்டிய அவளுடைய முகத்தையோ அவள் வீட்டார் முகத்தையோ இதுவரை ஒருவரும் எங்கும் ஒட்டியதில்லை. சந்தோஷத்தில் கண் பொங்கியது.

சின்னராசு பதறிப்போய் வந்தார். “இன்னாம்மா, எடம் வுடலன்னு கோவமா?”

“ஐயோ, இல்லீங்க தலைவரே. ஒரு எடமும் வுட வேணாங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா யாரோ ஒருவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, களக்கொத்த போட்டுட்டு பஸ் ஏறி வா. இங்க ஒரு பேனரு வச்சிருக்காங்க.”

“யாருக்குடி?”

“நமக்கும்மா.”