இந்தத் தடவையும் நடுவிலேதான்

1

இந்தக் கதை ஒரு கழிப்பறை வரிசையில் பிறந்தது. மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். மிசிசிப்பியில் ஓர் ஆற்றங்கரை, அந்தி வெயில் என்று ஆரம்பித்திருந்தால் எனக்கும் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் டெல்மோர் கல்லூரி மைதானத்தில், இடைவேளையின்போது, ஆண்கள் கழிப்பறை வாசலில்தான் எங்கள் ஊரின் சிந்தனை முழுவதும் நடக்கிறது. அங்கே நிற்கிற அத்தனை பேரும் கோச். பல் டாக்டர், பாதிரியார், டயர் கடைக்காரர், மருந்துக்கடை வைத்திருக்கும் நான் எல்லோரும்தான். கல்லூரி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஒருவருக்கு மட்டும் அந்த வேலை தெரியாது என்பது எங்கள் ஏகமனதான முடிவு.

எனக்கு முன்னால் ஹார்லன் டிப்பெட்ஸ் நின்றான். ஏசி ரிப்பேர் செய்கிறவன், மைதானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரன். அவனுக்கு முன்னால் எதிரணிச் சட்டை போட்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆறாவது வரிசையில கத்துறது நீங்கதானே?"

"ஆமா. ஏன், காது வலிக்குதா?"

"சேச்சே. உங்க பசங்கள மறிக்கிறதுல ஒருத்தன் என் பையன். உங்களப் பாத்தா ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கப்பான்னான். நீங்க ‘நடுவுல’ன்னு கத்துனதும் அவங்க பெஞ்சுல கையக் காட்டிருவாங்களாம். எல்லாரும் போயி நடுவுல நின்னுக்குறாங்களாம். ரொம்ப ஒத்தாசையா இருக்குன்னான்."

வரிசை நகர்ந்தது. ஹார்லன் நகரவில்லை.

"யோவ், முன்னால போய்யா!" என்று பின்னாலிருந்து பாதிரியார் கத்தினார்.

2

எழுதி, அடித்த முதல் வரிகள்:

ஹார்லன் டிப்பெட்ஸ் அன்று காலை எழுந்தபோதே காற்றில் ஏதோ — (காற்றில் இருந்தது பன்றிக்கறிப் புகை. ஆட்ட நாளில் ஊர் முழுக்க அதுதான் இருக்கும்.)

மனித மனம் என்பது — (வேண்டாம்.)

தோல்வி என்பது டெல்மோர் கொக்குகளுக்கு ஒரு — (இது ஹார்லன் போன வருடம் வானொலியில் சொன்னது. திருட்டுப் பட்டம் எனக்கெதற்கு.)

ஆமாம், எங்கள் அணிக்குப் பெயர் கொக்குகள். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஆடும் இந்த ஆட்டத்துக்கும் கால்பந்து என்றுதான் பெயர். ஆனால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். பெயர் வைத்தவன் நான் இல்லை. பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினாலோ, எறிந்த பந்தை அதற்கு அப்பால் பிடித்தாலோ ஆறு புள்ளி. ஒவ்வொன்றுக்கும் முன்னால், ஓடுவதா எறிவதா என்று கோச் உள்ளே சொல்லி அனுப்புவார். எங்கள் கோச் மெரில் காகின்ஸ் சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஓடு. எதிரே மதில் மாதிரி ஆள் நின்றாலும் நடுவில் ஓடு.

ஆகவே ஹார்லன் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் எழுந்து நிற்பான். கையைக் குவித்து வாயருகே வைத்து "இந்தத் தடவையும் நடுவுலதாண்டா!" என்று கத்துவான். அவனுக்கு அப்படி ஒரு தொண்டை. பந்து நடுவில் போகும். எங்கள் பையன் மண்ணைக் கவ்வுவான். ஆறாம் வரிசை ஹார்லனுக்குக் கைதட்டும்.

"பாத்தீங்களா டாக்டரே, சொன்னேனா இல்லையா?" என்பான் என்னிடம். மருந்து விற்கிறவனுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. நான் தலையாட்டுவேன். அணி தோற்ற நாளிலும் ஹார்லன் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவான். அணி தோற்காத நாளே அபூர்வம் என்பதால், ஊரிலேயே அதிகம் ஜெயித்தவன் அவன்தான்.

அவன் உட்காரும் இருக்கை உயிலில் வந்தது. அவனுடைய அப்பா வீட்டை மகளுக்கும், மைதானத்து இருக்கைகள் இரண்டை மகனுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். வீடு கிடைத்த தங்கை, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. எங்கள் ஊரில் யாரும் அவளைத் தப்பு சொல்ல மாட்டார்கள்.

அந்த இருக்கைகள் இருப்பது எதிரணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால்.

3

இதுவரை எழுதியதை என் மனைவி கோதை படித்தாள்.

"இந்த ஆள நம்ப முடியலையே," என்றாள். "ஒருத்தன் கத்துறதால ஒரு டீமே தோக்குமா?"

"தோத்துக்கிட்டுத்தானே இருக்கோம்."

"அது கோச்சால. எறியவே மாட்டேங்குறாரே அந்த மனுசன்."

பாருங்கள், கழிப்பறை வரிசையில் நிற்காமலே இவளும் கோச் ஆகிவிட்டாள்.

"அடுத்து என்ன வரும்னு சொல்லட்டுமா?" என்றாள். "அவன் திருந்தி, வாயப் பொத்திக்கிட்டு உக்காருவான். டீம் ஜெயிச்சிரும். அவன் கண்ணுல தண்ணி வரும். நீங்க எழுதுற எல்லாக் கதையும் இப்படித்தான். நடுவுலயே ஓடுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணீரை நான் ஏற்கனவே எழுதியிருந்தேன், அதுவும் ஒரு பத்தி முழுக்க. அவள் அடுப்படிக்குப் போனதும் அடித்துவிட்டேன்.

அவள் சொன்னதில் பாதி நடந்ததும் உண்மை. வரிசையிலிருந்து திரும்பி வந்த ஹார்லன், இரண்டாம் பாதி முழுக்க வாய் நிறைய அவித்த வேர்க்கடலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொக்குகள் நடுவில் ஓடினார்கள், வழியும் கிடைத்தது. முதல் பாதியில் வாங்கிய உதை பெரிது என்பதால் தோற்றார்கள். ஆனாலும் நூலிழையில்தான் தோற்றார்கள்.

"உடம்புக்கு என்ன ஹார்லன்?" என்று வரிசையே விசாரித்தது.

அவன் மனைவி லொரீனுக்கு மட்டும் விஷயம் தெரியும். நான் சொல்லிவிட்டேன்.

4

வியாழக்கிழமைதோறும் கெளுத்தி மீன் கடையில் கோச்சின் வானொலி நிகழ்ச்சி. அவர் பொரித்த மீனும் சோள உருண்டையும் சாப்பிடுவார், நாங்கள் அவரைச் சாப்பிடுவோம்.

அந்த வியாழன் கடையில் நிற்க இடமில்லை. சனிக்கிழமை டன்ராவன் கல்லூரியோடு ஆட்டம். பரம்பரைப் பகை. கோச்சின் மேல் தமக்கு முழு நம்பிக்கை இருப்பதாகக் கல்லூரித் தலைவர் அறிக்கை விட்டிருந்தார். எங்கள் ஊரில் அதற்கு, மூட்டை கட்டு என்று அர்த்தம். சனிக்கிழமை தோற்றால் காகின்ஸுக்கு வேலை இல்லை.

"திட்டமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் கோச். "செஞ்சதுலதான் கோட்டை விட்டுட்டோம்." வாராவாரம் இதையேதான் சொல்கிறார். பேச்சிலும் மனிதர் நடுவிலேதான் ஓடுவார்.

மைக் ஹார்லனிடம் வந்தது. உண்மையைச் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். (இந்த இடத்தில் அவன் நெஞ்சுக்குள் நடந்த போராட்டத்தை விவரிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தால்தானே விவரிக்க? அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.)

"கோச், ஒரே ஒரு தடவை," என்றான் ஹார்லன். "கோட்டுக்கிட்ட போனதும், எறிஞ்சு பாருங்க. ஒருத்தனும் எதிர்பாக்க மாட்டான்."

கடை கைதட்டியது. கோச் மீனைக் கீழே வைத்தார். ஹார்லனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யோசிக்கிறேங்க," என்றார். எல்லோரும் சிரித்தோம். யாரிடமும் அதைத்தான் சொல்வார்.

வெளியே, வண்டிக்குப் பக்கத்தில், லொரீன் பிடித்துக்கொண்டாள். "ஏன், நாந்தான் கத்திக் காட்டிக் குடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"இத்தனை பேர் முன்னாலயா? மானம் போயிரும்டி."

"அப்ப அந்தப் பக்கம் போயி உக்காருவோம்."

"அப்பா சீட்டு அது."

"இங்க பாரு. நம்ம ஜெயிக்கணுமா, நீ சொன்னது பலிக்கணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும்தான்," என்றான் ஹார்லன்.

எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பதிலுக்காகவே பிடிக்கும். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

5

சனிக்கிழமை, இருக்கையில் உட்கார்ந்ததும் என் காதருகே குனிந்தான்.

"டாக்டரே, இன்னிக்கு பொய் சொல்லப் போறேன்."

முதல் முயற்சி. எழுந்தான், கையைக் குவித்தான். "எறியப் போறான்டா!" டன்ராவன் பெஞ்சில் கைகள் பறந்தன. அவர்கள் ஆட்கள் பின்னால் தள்ளிப் பரவி நின்றார்கள். எங்கள் பையன் காலியாகக் கிடந்த நடுவில் ஓடினான், ஓடினான், ஓடிக்கொண்டே இருந்தான்.

மைதானம் எழுந்து ஆடியது. பின்வரிசையில் இருந்த ஓடெல் டீச்சர் ஹார்லனின் தோளில் தட்டினார். "மூளைய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா கண்ணு? அவரு ஓடச் சொல்றாரு, நீ எறின்னு கத்துற?"

"ஒரு தடவை தப்பிப்போச்சு, டீச்சர்."

தடவைக்குத் தடவை தப்பியது. வருடக்கணக்காகப் பலித்த அந்த வாயை டன்ராவன் பெஞ்சு மட்டும் நம்பிக்கொண்டே இருந்தது. அவன் எறி என்பான், பந்து நடுவில் ஓடும். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடிவதற்குள் ஆறாம் வரிசை அவனைக் கோமாளியாக்கிவிட்டது. "அடுத்து என்னன்னு சொல்லு ஹார்லன், அதுக்கு நேர்மாறா பந்தயம் கட்டுறேன்!" என்றான் ஒருவன். அதையாவது பொறுக்கலாம். "காகின்ஸ் மூளையே மூளைய்யா! எப்படித் திட்டம் போட்டிருக்காரு பாரு!" என்று இன்னொருவன் கத்தியபோது ஹார்லனின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. யாருடைய தலையில் மூளை இல்லை என்று இத்தனை வருடம் கத்தினானோ, அந்தத் தலையில் தன் கையாலேயே கிரீடத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

டன்ராவன்காரர்களும் சும்மா இல்லை, தங்கள் முறை வந்தபோதெல்லாம் புள்ளி சேர்த்தார்கள். கடைசியில் கணக்கு இப்படி வந்து நின்றது: நாங்கள் நான்கு புள்ளி பின்னால். கோட்டுக்கு இரண்டு கெஜம். கடைசி முயற்சி. கோட்டைத் தாண்டினால் வெற்றி, கோச் பிழைப்பார். தாண்டாவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஹார்லன் எழுந்தான்.

6

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) அவன் உண்மையைக் கத்துகிறான். நடுவில் மதில் எழும்புகிறது. அணி தோற்கிறது, கோச் போகிறார், ஹார்லன் பழையபடி ஊரிலேயே புத்திசாலி. (கோதை: "சீ, அவன் அப்படிப்பட்டவன் இல்ல." நம்ப முடியாத ஆள் என்று சொன்னவளும் இவள்தான்.)

(ஆ) அவன் கத்தாமல் உட்காருகிறான். கண்ணீர். (அடித்தாயிற்று.)

(இ) பொய்யைக் கத்துகிறான், பையன் நடுவில் ஓடுகிறான், வெற்றி. யாருக்கும் தெரியாத தியாகி ஹார்லன். இதைத்தான் எழுதுவதாக இருந்தேன். நீங்களும் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சில பேர் உரக்கவே சொல்கிறீர்கள், எனக்குக் கேட்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன்.

லொரீன் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டாள். ஹார்லன் மூச்சை இழுத்தான். தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், அடித்தொண்டையிலிருந்து, "எறியப் போறான்டா!" என்று கத்தினான். வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. டன்ராவன் பெஞ்சில் கைகள் பறந்தன. ஆட்கள் பின்னால் போனார்கள். நடுவில் ஒருவனும் இல்லை. ஒரு மாட்டு வண்டியே போயிருக்கலாம்.

எங்கள் பையன் பந்தை வாங்கினான். ஓடவில்லை. இரண்டடி பின்னால் வைத்தான், கையை ஓங்கினான்.

கோச் யோசித்திருக்கிறார்.

பந்து கையை விட்டுக் கிளம்பியது. அது போகிற இடத்தில் எங்கள் பையன் ஒருவன், அவனைச் சுற்றி ஹார்லன் அனுப்பிவைத்த டன்ராவன் பையன்கள் மூன்று பேர். நான்கு ஜோடிக் கைகளும் மேலே எழுகின்றன. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. ஹார்லன் லொரீனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"என் பேச்சக் கேட்டுட்டாருடி."

அதைச் சொன்னபோது அவனுக்குச் சந்தோஷமா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவனுக்கும் தெரிந்திருக்காது.

"அப்புறம்? பிடிச்சானா இல்லையா?" என்று கோதை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்னை நடுவில் ஓடுகிறவன் என்று சொன்னவளுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. பந்து மேலேயே இருக்கட்டும். அதை யார் கையில் போடுவது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைவிட நன்றாக ஆட்டம் சொல்லத் தெரிந்தவர்கள்தானே நீங்கள் எல்லோரும்.

ஆனால் தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள். நாம் உட்கார்ந்திருப்பது எதிரணி பெஞ்சுக்கு நேர் பின்னால்.