இன்னும் இறங்கும்

விலை இறங்கினால் தவசிமுத்துவுக்குப் பால்கோவா வாங்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், மனைவி பிரிஸ்கில்லாவைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நவநீதகிருஷ்ணன் சார் வீட்டுக்குப் போய், அவர்கள் கொடுக்கிற மோரைக் குடித்து, மழை, வெயில், மில் நிலவரம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் ஒன்றும் தெரியாதவர் போல, "பொறவு சார், வீட்டு விஷயம் எப்படி?" என்பார். போன தடவையைவிட சார் குறைத்துச் சொன்னால் திரும்பும்போது கால் கிலோ பால்கோவா. குறைக்கவில்லை என்றால் வெறுங்கை. மனிதர் மூன்று வருஷமாக இப்படித்தான் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டிருந்தார்.

வீடு ஒன்றும் மாளிகை இல்லை. பெங்களூரில் இருக்கும் மகனோடு போய் இருந்துகொள்ளலாம் என்று சார் விற்கப் போட்ட வீடு. இரண்டு அறை, ஓர் அடுக்களை, பின்னால் ஒரு கொய்யா மரம். முதல் தடவை பார்க்கப் போனபோது தவசிமுத்து சுவரைத் தட்டினார், தளத்தை அண்ணாந்து பார்த்தார், மூலையில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிரிஸ்கில்லா நேராக அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. வாசலுக்கு ஒரே ஒரு படி. அவளுக்கு அது போதும்.

ஏன் போதும் என்றால், அவர்கள் குடியிருந்தது ராஜபாளையத்தில் ஒரு மாடி வீடு. வெளிப்பக்கமாக ஏறுகிற சிமெண்ட் படி, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாது. நல்ல தண்ணீர் தெருக் குழாயில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும். அதைக் குடம் குடமாகச் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். பேண்டேஜ் துணி கம்பெனியில் பகல் முழுவதும் நின்றுகொண்டே துணியை மடித்துக் கட்டு கட்டுகிறவள் சாயங்காலம் வந்து தண்ணீர் சுமந்தால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? டாக்டர் படி ஏறக்கூடாது என்று சொன்னபோது பிரிஸ்கில்லா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். டாக்டர் கோபித்துக்கொண்டார்.

அந்த மாடியும் வாடகை வீடு இல்லை, ஒத்தி வீடு. கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரத்தினம் அண்ணாச்சியின் கையில் ஏழு லட்சத்தைக் கொடுத்துவிட்டுக் குடியேறினார்கள். மாசாமாசம் வாடகை கிடையாது. காலி செய்கிற அன்றைக்கு ஏழு லட்சத்தையும் அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த ஏழில் தவசிமுத்து மில்லில் ஃபிட்டராக இருந்து சேர்த்ததும் உண்டு, பிரிஸ்கில்லாவின் கல்யாணச் சங்கிலியும் உண்டு. பணம் அண்ணாச்சியிடம் பத்திரமாக இருக்கிறது, வீடு வாங்கும்போது எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்துக்கு பேங்க் லோன் என்பது கணக்கு. ஊரில் ஒத்திக்கு இருக்கிற எல்லாருக்கும் கணக்கு அதுதான்.

மில்களில் ஷிஃப்டைக் குறைத்தார்கள். திருப்பூர் பக்கம் பிழைக்கப் போனவர்கள் வீட்டை விற்கப் போட்டார்கள். விற்க ஆள் இருந்தது, வாங்க ஆள் இல்லை. விலை இறங்க இறங்க தவசிமுத்துவுக்கு முகத்தில் ஒரு களை வந்தது.

"வாங்கிருவோம்ங்க" என்பாள் பிரிஸ்கில்லா.

"இரு, இன்னும் இறங்கும்."

ஆடியில் எவனும் வாங்க மாட்டான், அதனால் இறங்கும் என்றார். ஐப்பசியில் மழை பெய்யட்டும், வீடு ஒழுகுகிறதா பார்ப்போம் என்றார். டிசம்பரில் கிறிஸ்மஸ் செலவு. மார்கழியில் சார் விற்க மாட்டார். அது முடிந்தால் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம், லெந்து நாள், வந்துவிடும், லெந்து நாளில் நல்ல காரியம் எப்படி? இந்துக்களின் பஞ்சாங்கமும் கிறிஸ்தவர்களின் காலண்டரும் சேர்ந்து ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஒத்தாசை செய்ததை யாரும் பார்த்திருக்க முடியாது.

போன கார்த்திகையில் ஒரு நாள் நிறைகுடத்தோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் பிரிஸ்கில்லா. எழ முடியவில்லை. வேலை முடிந்து வந்த தவசிமுத்து கீழே நின்று பார்த்தார்.

"ஏட்டி, என்ன உக்காந்துட்ட?"

"ஒங்க விலை இறங்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அது இறங்கி முடிச்ச பொறவு நான் எந்திரிக்கேன்."

அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சார் கேட்ட விலைக்குப் பேரமே பேசாமல் சரி என்று சொன்னார். தை பிறந்ததும் பத்திரம் என்று முடிவாயிற்று. பிரிஸ்கில்லா மறுபடி ஒருமுறை அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்தாள்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாக ரத்தினம் அண்ணாச்சியின் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி சந்தோஷமாகக் கேட்டார். வீடு வாங்குகிறவர்களை வாழ்த்த அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

"தாராளமா தாரேன் தம்பி. ஆளு வரட்டும்."

"ஆளா? எந்த ஆளு?"

"ஒங்களுக்குப் பொறவு ஒத்திக்கு வார ஆளுதான். ஒங்க பணத்தை நான் பெட்டியிலயா பூட்டி வச்சிருக்கேன்? ஒங்களுக்கு முன்னால இருந்தவிய காலி பண்ணும்போது ஒங்க பணத்தைத்தான குடுத்தேன். அவிய குடுத்தது என் மக கல்யாணத்தோட போச்சு. வாரவன் குடுக்கிறது ஒங்களுக்கு. ஊரே இப்படித்தான நடக்கு."

"சரி அண்ணாச்சி, வாரவன்கிட்ட வாங்கிக் குடுங்க."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். "வாரவன் நாலுக்கு மேல மூச்சு விட மாட்டேங்கான் தம்பி. விலைதான் இறங்கிப் போச்சுல்ல."

பிரிஸ்கில்லாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அங்கே சார் வீட்டு விலை இறங்கியபோதெல்லாம் இங்கே இவர்கள் காலுக்குக் கீழே இந்த ஒத்தித் தொகையும் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தங்கள் சங்கிலி கரைந்ததற்குத்தான் மூன்று வருஷம் பால்கோவா தின்றிருக்கிறார்கள். தானும் ருசித்துத் தின்றதை நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"வீட்டை வித்தாவது குடுங்க அண்ணாச்சி" என்றாள்.

"வாங்க ஆளைக் காட்டு தாயி. நாளைக்கே விக்கேன். யாரு உங்களைப் போகச் சொன்னா? ஒங்க பாட்டுக்கு இருங்க." அவர் மோசக்காரர் இல்லை, அதனால் திட்டவும் வழியில்லை. செத்த நேரம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். "ஏழு தாரவனை நீங்களே பிடிச்சிட்டு வாங்க. அன்னைக்கே ஒங்க கையில வச்சிருதேன்."

தை முடியும்வரை பொறுப்பதாக நவநீதகிருஷ்ணன் சார் சொன்னார். தவசிமுத்து புரோக்கர் இசக்கிமுத்துவைப் பிடித்தார். வந்து பார்த்த உள்ளூர்க்காரர்கள் படியைப் பார்த்தார்கள், தெருக் குழாயைப் பார்த்தார்கள், நாலு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தை பாதியில் இசக்கிமுத்து போன் செய்தான். தேனிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த ஒரு பையன், பைனான்ஸ் கம்பெனியில் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன், ஊர் நிலவரம் தெரியாது. "ஏழுன்னு சொல்லி வச்சிருக்கேன். அக்காவை மட்டும் வாயைத் திறக்காம சிரிச்ச முகமா இருக்கச் சொல்லுங்க."

அன்றைக்குக் காலையிலேயே வீட்டிலிருந்த அத்தனை குடத்தையும் நிரப்பச் சொன்னார் தவசிமுத்து. நிறைந்த குடங்களைப் பார்த்தால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும். தெருக் குழாய் இன்னும் வந்தபாடில்லை; அடுத்த தெரு அடிபம்பிலிருந்து அவரும் சுமந்தார், அவளும் சுமந்தாள். படியைக் கழுவிவிட்டாள். முழங்கால் வீங்கிப் போயிருந்தது. சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பையன் பேர் விக்னேஷ்வரன். முன்னறையில் இசக்கிமுத்துவோடும் தவசிமுத்துவோடும் உட்கார்ந்து பேசினான். அவன் மனைவி முனீஸ்வரி அடுக்களைக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"தண்ணியெல்லாம் எப்படிக்கா?"

பிரிஸ்கில்லா நிறைந்த குடங்களைப் பார்த்தாள். "வரும்மா" என்றாள். பொய் இல்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெண் குடத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாள். "இவுக சேர்த்தது கொஞ்சம்தான்க்கா. மிச்சத்துக்கு என் நகையைப் பூராம் போட்டுட்டோம். இருந்தா என்ன, பணம் எங்கயும் போகப் போறதில்லைல்ல? ரெண்டு மூணு வருஷம் இங்க இருந்துட்டு, அதை அப்படியே வாங்கி சொந்தமா ஒரு வீடு பாத்துரலாம்னு இருக்கோம்."

இந்த வார்த்தையை இதே அடுக்களையில், குடிவந்த அன்று, பிரிஸ்கில்லாவும் சொல்லியிருக்கிறாள். முன்னால் இருந்து காலி செய்துகொண்டு போன பெண் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கமிருந்து தவசிமுத்து கனைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழாய் அவள் கண்ணுக்குள் வந்தது. கையை நீட்டித் திறந்துவிட்டால் போதும் என்றிருந்தது. ஆண்டவரே, எனக்கு ஏன் இந்தச் சோதனை என்று நிஜமாகவே கேட்டாள்.

"ஏழு கேக்காகளே, குடுக்கலாமாக்கா?" என்றாள் முனீஸ்வரி.

"இன்னும் இறங்கும்மா" என்றாள் பிரிஸ்கில்லா. "நாலுக்கு மேல குடுக்காத. அதையும் வாடகைக்கு ஒரு வீடு பாத்துட்டு கையிலயே வச்சுக்கோ."

முன்னறையில் பேச்சு நின்றுபோயிற்று. பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. பையன் எழுந்துவிட்டான். இசக்கிமுத்து படியிறங்கும்போது சொன்ன வார்த்தைகள் கீழே கடைக்கும் கேட்டிருக்கும். முனீஸ்வரி மட்டும் பாதிப் படியில் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"என்ன சொன்னன்னு தெரியுதா ஒனக்கு?" என்று கேட்டார் தவசிமுத்து. குரலில் கோபம்கூட இல்லை.

"தெரியும். ஒங்ககிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சதுதான்."

சாயங்காலம் தெருவில் குழாய் வந்துவிட்ட சத்தம் கேட்டது. காலையிலிருந்து வீட்டுச் செலவில் காலியாகியிருந்த இரண்டு குடங்களை அவரே எடுத்துக்கொண்டு இறங்கினார். "நீ இரு" என்றார்.

பிரிஸ்கில்லா காலை நீட்டி உட்கார்ந்து நவநீதகிருஷ்ணன் சாருக்குப் போன் போட்டாள். இழுத்தடிக்க அவளுக்கு மனமில்லை.

"சார், எங்களால முடியல. வேற யாரும் வந்தா குடுத்துருங்க."

"யாரும்மா வாரா?" என்றார் சார். அவர் குரலும் களைத்துப்போயிருந்தது. "மகன் தினம் போன் பண்ணுதான். இன்னும் ஒரு லட்சம் குறைச்சுக்கிடுதேன். தவசிமுத்துகிட்ட சொல்லிப் பாருங்க."

சரி சார் என்று வைத்துவிட்டாள். தவசிமுத்து தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"சார் இன்னும் ஒரு லட்சம் குறைச்சிருக்காராம்" என்றாள்.

அவர் குடங்களை இறக்கி வைத்தார். சிந்திய தண்ணீரைக் காலால் ஒதுக்கினார்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, பாதி செலவாகியிருந்த இன்னொரு குடத்தை அண்டாவில் கவிழ்த்துக் காலியாக்கி எடுத்துக்கொண்டு மறுபடியும் படியிறங்கினார்.